பூநாரை பார்க்க வந்தவர்கள்

“இந்தப் போட்டுல கூட்டமா கீதும்மா. அடுத்ததுல போலாம்” என்று இனாயா சொன்னதும் சைதூனுக்கு அப்பாடா என்றிருந்தது. மகளை எப்படித் தாமதப்படுத்துவது என்று அவளே தவித்துக்கொண்டிருந்தாள். முட்டுக்காடு படகுத்துறைக்குப் பச்சைத் துப்பட்டா போட்ட பெண்மணி யாரும் இன்னும் வந்து சேரவில்லை.

பூநாரை பார்க்கலாம் என்று சொல்லித்தான் செங்கல்பட்டிலிருந்து மகளைக் கிளப்பி வந்திருந்தாள். உண்மையில் இது பெண் பார்க்கும் படலம். அது மட்டும் இனாயாவுக்குத் தெரிந்தால், உப்பங்கழியில் குதித்து நீந்தியே வீட்டுக்குப் போய்விடுவாள்.

போன தடவை வந்தவர்கள் தட்டிலிருந்த சமோசாவையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, “பொண்ணு நிறம் கொஞ்சம் கம்மி” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்கள். “இனிமே எவன் முன்னாடியாவது என்னைத் தட்டு தூக்கச் சொன்னே, பெங்களூருக்கு மாத்தல் வாங்கிக்கினு போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்” என்று இனாயா அன்றே தீர்த்துச் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண். கணவர் இறந்த பிறகு சைதூனுக்கு இருப்பதும் அவள் ஒருத்திதான்.

அதனால்தான் சைதூனின் அண்ணன் மைதீன் இந்த வழியைச் சொன்னார். இரண்டு குடும்பமும் ஒரே படகில், முன்பின் தெரியாதவர்கள் போல. போட்டோ கிடையாது, பெயர் கேட்கக் கூடாது. பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைக்குனிவு இல்லை.

“பையனோட அம்மா பச்சைத் துப்பட்டா, பையன் கழுத்துல பைனாகுலர். அவ்ளோதான் அடையாளம்” என்றார். சைதூன் யாரோடு பேசினாலும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நல்லவேளை, இனாயா அப்போது குளித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த படகுக்கு ஆள் கூப்பிடும்போது பச்சைத் துப்பட்டா வந்தது. கூடவே பைனாகுலர் மாட்டிய பையன், லட்சணமாகத்தான் இருந்தான். பதற்றத்தில் சைதூனுக்கு லைஃப் ஜாக்கெட்டைக்கூட ஒழுங்காக மாட்ட வரவில்லை.

படகில் அவர்கள் நால்வரும் படகோட்டியும்தான். கழி நடுவே மணல்திட்டை ஒட்டிப் பூநாரைகள் கூட்டமாக நின்றன. பையன் சட்டென்று எழுந்து பைனாகுலரைத் தூக்கினான்.

“அலோ, ஒக்காருங்க! போட்டு ஆடுது தெரியல? பறவையப் பாக்க வந்தீங்களா, எங்களைத் தண்ணில தள்ள வந்தீங்களா?” என்று வெடித்தாள் இனாயா.

போச்சு! சைதூன் மகளின் தொடையைக் கிள்ளினாள். பையனின் அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கோபமோ அழுகையோ, பார்க்கும் துணிவு சைதூனுக்கு இல்லை.

பட்ட காலிலேயே படும் என்பார்களே, அந்த நேரம் பார்த்து இன்ஜின் நின்றது. படகோட்டி கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். காற்று படகை முகத்துவாரத்துப் பக்கம் தள்ளியது. பாலத்துக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. சைதூன் கண்களை இறுக மூடிக்கொண்டு கலிமா சொல்லத் தொடங்கினாள்.

“அம்மா, கண்ணைத் தொறங்க.” பையன் அவள் கையைப் பிடித்திருந்தான். “அந்தப் பூநாரையப் பாருங்க. நின்னுகினு கீதா, நீந்திகினு கீதா?”

“நின்னுகினுதான் கீது.”

“அது நிக்கிற தண்ணில நாம முழுவிடுவோமா? எறங்கினா இடுப்புக்குக்கூட வராதும்மா.”

அந்தப் பயத்திலும் சைதூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜின் இருமிக்கொண்டு உயிர் பெற்ற பிறகும், கரை வரும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை. மருமகன் என்றால் இவன்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

ஏற்பாட்டின்படி பச்சைத் துப்பட்டாக்காரர் பெயர்கூடச் சொல்லவில்லை. “வரோங்க” என்று தலையசைத்துவிட்டு மகனோடு நடந்தார்.

இனி மறைத்துப் பயனில்லை. சைதூன் மகளை நிழலுக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். “என்னைத் திட்டு, பேசாம இரு, இன்னா வேணா பண்ணு. பெங்களூரு மட்டும் போவாதடி. அந்தப் பையனைக் கட்டிக்கடி, தங்கம்.”

இனாயா அவளையே வெறித்துப் பார்த்தாள். சைதூனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“உனக்கு அவனைப் புடிச்சிருக்கா?”

“ரொம்ப.”

“யாரு இன்னா சொன்னாலும் மாத்திப் பேசமாட்டியே?”

“அல்லா மேல ஆணையா மாட்டேன்.”

“அப்ப சரி. கட்டிக்கிறேன்.”

சைதூன் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். போன் அடித்தது. மைதீன்தான். வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டாள்.

“இன்னா சைதூன், பையன் வூட்டுல கேக்குறாங்க. இன்னிக்கு வேணாம், அடுத்த வாரம் வெச்சுக்கலாம்னு நேத்து மெசேஜ் அனுப்பினியே, எந்தக் கெழமைன்னு சொல்லவே இல்லியே?”

“நானா? எனக்கு மெசேஜ் அடிக்கவே தெரியாதே, அண்ணே!”

சைதூன் திரும்பிப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் பச்சைத் துப்பட்டாவும் பையனும் நின்று இவர்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப... அவங்க யாருடி?”

“என்கூட வேலை செய்ற அதீப்பும் அவங்க அம்மாவும். உன் ஸ்பீக்கரு பாத்ரூம் வரைக்கும் கேக்குதும்மா.” இனாயா பதிலுக்குக் கையசைத்துவிட்டு அம்மாவின் கண்ணைத் துடைத்தாள்.

“என்னை அவங்க எப்பவோ பாத்துட்டாங்கம்மா. இன்னிக்கு உன்னைத்தான் பாக்க வந்தாங்க.”