பணம் போன இடம்

ஆம்பூர் ஷூ கம்பெனி இன்டர்நெட்டில் கடை திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஷூ விற்றது. வாங்கியவர்களின் கார்டிலிருந்து பணமும் போனது. கம்பெனிக் கணக்குக்கு மட்டும் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

கணக்குப் பிரிவில் இருந்த ஹேமலதா மீதுதான் முதலாளி கிருபானந்தத்துக்குச் சந்தேகம். "பேங்க் கணக்கோட பாஸ்வேர்டு உன்கிட்டதானம்மா இருக்குது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அவமானத்தில் குன்றிப்போனவள், வெப்சைட் செய்துகொடுத்த ஜெர்சனை வரவழைத்தாள். அவன் கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டெஸ்டிங்ல ஓடுச்சுல்ல மேடம்? அப்போ லைவ்லயும் ஓடும். உங்களுக்குன்னே புதுசா எழுதின புரோகிராம் இது. தோல் ஊர்ல இதெல்லாம் சொன்னா இன்னா புரியப்போவுது? சார், மொதல்ல உங்க ஆளுங்க கையைச் செக் பண்ணுங்க."

கிருபானந்தம் தலையாட்டினார். இந்த ஜெர்சன் மூஞ்சிக்கு நாற்காலி வேறு போட்டோமே என்று ஹேமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"வாலாஜாபேட்டை ஜவுளிக்கடையிலேர்ந்து நவநீதன் பேசறேன். ஒரு வாரமா எங்க கணக்குல யார் யாரோ பணம் போடறாங்க. விசாரிச்சா, உங்ககிட்ட ஷூ வாங்கினதா சொல்றாங்க. உங்க வெப்சைட்ல எங்க கணக்கு நம்பர்தான் இருக்குதுன்னு பேங்க்ல சொன்னாங்க. எங்களுக்கு வெப்சைட் பண்ணிக் குடுத்த ஜெர்சன், அதையே காப்பியடிச்சு உங்களுக்கும் வித்துட்டானா?"

கிருபானந்தம் ஜெர்சன் பக்கம் மெல்லத் திரும்பினார்.

ஹேமலதா ரிசீவரை எடுத்து ஜெர்சனிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தான். பேசுங்க."