இடி அளக்கிற மணிக்கூடு

“நான் வரேல்ல, முதலாளி. இண்டைக்கு ஏலாது.”

கிருஷாந்தன் மீன்பிடி போட்டிலிருந்து இறங்கி மணலில் நின்றான். உப்புவெளிக் கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“மழை எண்டால் மச்சானுக்குத் தடிமன் பிடிக்கும்,” என்றான் அவனோடு கடலுக்குப் போகிற குணரத்தினம். “போ, போய் உன்ர மனிசி ஜெனிதாவின்ர சீலையைப் போர்த்திக்கொண்டு படு.”

கிருஷாந்தன் சிரிக்கவில்லை. மேற்கே வானம் கறுத்திருந்தது. போன வருசம் இதே கடலில் அவனுடைய அண்ணனை மின்னல் அடித்தது. கரிந்த உடம்பைக் கரைக்குக் கொண்டுவந்தவன் இவன்தான்.

போட்டின் உரிமையாளர் மைக்கல் இடக்கையை நீட்டினார். மணிக்கட்டில் வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய மணிக்கூடு. சுற்றிவரக் கிலோமீற்றர் எண்கள். மின்னலைக் கண்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். இடி கேட்டதும் மறுபடி அமுக்க வேண்டும். ஊசி நிற்கிற எண்தான் இடி இருக்கிற தூரம்.

“சும்மா கதை வேண்டாம். அளந்து பாப்பம். பத்துக்குள்ள வந்தால் கடல் இல்லை. நான் போட்ட சட்டம்தானே?”

“ஓம் முதலாளி.”

மின்னல் வெட்டியது. அமுக்கினார். வெகுநேரம் கழித்து இடி உருண்டது. அமுக்கினார்.

“இஞ்ச பார். பதினாலு!” மணிக்கூட்டைக் கிருஷாந்தனின் மூக்குக்கு நேரே பிடித்தார். “மிசின் பொய் சொல்லுமோ? அங்க சூரை மீன் மிதக்குது. ஐஸ் லொறி றோட்டில காத்துக்கொண்டு நிக்குது. நீ இஞ்ச நிண்டு நடுங்கு.”

பதினாலுதான். கிருஷாந்தனே கண்ணால் பார்த்தான்.

“சரி முதலாளி. உங்களை நம்பித்தான் போறன்.”

“அப்பிடி வா, ஆம்பிளை!” குணரத்தினம் முதுகில் தட்டினான்.

போட்டைத் தள்ளும்போது மறுபடி வெட்டியது. மைக்கல் அமுக்கினார். இந்த முறை இடி கெதியாக வந்தது.

ஊசி ஏழில் நின்றது.

இடுப்பளவு தண்ணீரில் போட்டைப் பிடித்தபடி கிருஷாந்தன் கத்தினான்.

“முதலாளி, எவ்வளவு?”

றோட்டில் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். மைக்கல் திரும்பிப் பார்த்தார். சட்டைக் கையை இழுத்து மணிக்கூட்டை மூடினார்.

“பதின்மூண்டு! போங்கோ, போங்கோ!”

கிருஷாந்தன் தாவி ஏறினான். எஞ்சின் பிடித்தது. அலையைத் தாண்டியதும் அவன் கரையைப் பார்த்துக் கையசைத்தான்.

மைக்கலும் அசைத்தார். போட் சிறுத்துப் போகும் வரைக்கும் நின்றார். பிறகு போனை எடுத்து வீட்டிலிருந்த மனைவிக்கு அடித்தார்.

“எல்சி, கெதியாப் போய் டிவி பிளக்கைக் கழட்டு. இடி கிட்ட வந்திட்டுது.”