முப்பத்திரண்டே போடுங்க

"எட்டு ஜிபி போதும்ங்க. ஆபீஸ்ல பெரிய கம்ப்யூட்டர் இருக்கு. வீட்ல எப்பவாவதுதானே தொடப் போறேன்?"

அவள் சொன்னதைக் கணவன் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. கடைக்காரரிடம், "இவ கட்டடத்துக்கு பிளான் போடறவ. எவ்வளவு மெமரி இருந்தா நல்லது?" என்று கேட்டான்.

"எட்டு போட்டா பிளான் திறக்கும் சார். அது திறக்கறதுக்குள்ள மேடம் ஒரு சமையலையே முடிச்சிடலாம்," என்று சிரித்தார் கடைக்காரர். "பதினாறு இருந்தா ஓடிடும். முப்பத்திரண்டுன்னா, முழுக் கட்டடத்தையும் கலரோட சுத்திச் சுத்திக் காட்டினாலும் திணறாது."

"அப்ப முப்பத்திரண்டே போடுங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு குக்கர் வாங்கப் போனால்கூட மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் "பழசுக்கு என்ன குறைச்சல்?" என்று வெறுங்கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிற மனுஷன். ஆபீஸிலிருந்து அவள் கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும், வாயைத் திறக்காமல் பாத்திரங்களை உருட்டியே அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான்.

போன வாரம், வரைபடப் பிரிவுக்கே தன்னைத் தலைமையாகப் போடப்போகிறார்கள் என்று அவள் சொன்னபோதுகூட முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஓ" என்று ஒற்றை எழுத்தில் முடித்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினான். அந்தப் பதவிக்காக அவள் வருஷக்கணக்காக முட்டி மோதியதெல்லாம் அந்த ஒற்றை எழுத்தில் அடிபட்டுப் போயிற்று. அன்றைக்கு அவள் சாப்பிடாமல் படுத்ததையும் அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவன் இன்று காலையில் திடீரென்று, "கிளம்பு, உனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்" என்கிறான்!

"ஏங்க, பதினாறே தாராளம். பக்கத்து ஸ்லாட் காலியாத்தானே இருக்கும்? வேணும்னா பின்னாடி சேர்த்துக்கலாம்."

"பின்னாடி பின்னாடின்னு எதுக்கு இழுத்துக்கிட்டு? ஆபீஸ்ல என்னென்ன ஓடுதோ அதெல்லாம் வீட்லயும் ஓடணும்," என்றவன் கடைக்காரர் பக்கம் திரும்பினான். "நாள் முழுக்க ஓடினாலும் சூடாகாதில்ல?"

"மாடா உழைக்கும் சார்." கடைக்காரர் அவளைப் பார்த்தார். "வழக்கமா வீட்டம்மா ஏத்துவாங்க, வீட்டுக்காரர் இறக்குவார். இங்க தலைகீழா இருக்கு. குடுத்து வச்சவங்க மேடம் நீங்க. என்ன, போட்டுடட்டுமா?"

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். வாயால் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதவன், சந்தோஷத்தை இப்படித்தான் சொல்வான் போலிருக்கிறது. இத்தனை வருஷமாக மனசுக்குள் அவனைத் திட்டித் தீர்த்ததை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது.

"போடுங்க," என்றாள்.

வரும் வழியில் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "எதுக்குங்க எனக்குப் போய் இவ்வளவு?"

"உனக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்?"

வீட்டுக்கு வந்ததும் பின்பக்க அறையை அவனே ஒழித்தான். மேஜையை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டு, குனிந்து வளைந்து ஒயர்களைச் சொருகினான். அவள் தன் பிளான்களிலேயே பெரியதாக ஒன்றைத் திறந்து பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் ஏழு மாடியும் விரிந்து நின்றது. அடுத்த மாதம் தன் கீழே வேலை பார்க்கப்போகிறவர்களுக்கு இதைக் காட்டி எப்படியெல்லாம் சொல்லித்தரலாம் என்று மனம் கணக்குப் போட்டது.

அவனுக்குப் பிடித்த மாதிரி திக்காக ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அவன் பால்கனியில், முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆமாண்ணா, வாங்கி மாட்டியாச்சு. நாளைக்கே அப்பாவை இங்க கொண்டுவந்து விட்டுடுங்க. படுக்கையில கிடக்கறவருக்கு ஆள் தேடி அலையற தொல்லை இனிமே நமக்கு இல்ல. இவ மேனேஜரை நேத்தே போய்ப் பார்த்துட்டேன். பதவியெல்லாம் வேணாம், வீட்லருந்தே படம் போட்டுக் குடுத்துடறேன்னு அவளே சொல்லச் சொன்னதா சொல்லிட்டேன்."