கூப்பிடு தூரம்

ஆறு நிமிடம் முடிந்து மணி அடித்தபோது அவர் ஏழாவது கோட்டில் நின்றிருந்தார்.

பரிசோதகரான அவள் குனிந்து பார்த்தாள். பெருவிரல் கோட்டைத் தாண்டவில்லை.

முப்பது மீட்டர் நடைபாதை. மீட்டருக்கு ஒரு கோடு, மஞ்சள் பெயின்ட். ஆறு முறை முழுதாக நடந்திருந்தார். பிறகு இந்த ஏழு.

நூற்று எண்பத்தேழு.

இருநூறு வேண்டும். அதற்குக் கீழே நடப்பவர் அறுவை சிகிச்சையைத் தாங்கமாட்டார் என்று மாற்று நுரையீரலுக்கான பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது.

அருளப்பனை நாற்காலியில் உட்கார வைத்தாள். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் கல் அறுத்தவர். விரலில் மாட்டிய சிறு கருவி எண்பத்து நான்கு காட்டியது. ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பதுக்குக் கீழே இறங்கினால் நடையை நிறுத்திவிட வேண்டும்.

அவர் மனைவி ரெஜினா எதிர்முனையிலிருந்து வந்தாள். நடக்கும்போது பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆறு நிமிடமும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் நின்றாள்.

"ஒரு வார்த்தை கூப்புட விட்டுருந்தா வந்துருப்பாரு மேடம். வீட்டுல சோத்துக்கே நான் மூணு தடவ கூப்புடணும்."

அருளப்பன் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

பரிசோதகருக்கு அது தெரியும். எவ்வளவு தூரம் வந்திருப்பார் என்றுகூடத் தெரியும்.

ஓட்டக்காரர்களை ஆராய வேண்டும் என்றுதான் உடற்பயிற்சி உடலியங்கியல் படித்தாள். கிடைத்த இடம் நெஞ்சக மருத்துவமனை. ஓட முடியாதவர்கள்.

முனைவர் பட்டத்துக்காக நூற்றிருபது பேரை இந்த நடைபாதையில் நடக்க வைத்தாள். ஒரு முறை யாரும் பேசாமல். ஒரு முறை வீட்டு ஆள் ஒருவர் எதிர்முனையில் நின்று கூப்பிட.

கூப்பிட்டபோது சராசரியாக முப்பத்தொரு மீட்டர் கூடுதலாக நடந்தார்கள்.

அந்தக் கட்டுரை அவளுக்கு வேலை வாங்கித் தந்தது. பிறகு இணைப் பேராசிரியர் பதவி.

விதியும் அதனால்தான் வந்தது. கூப்பிட ஆள் இல்லாதவருக்கு அநியாயம் ஆகிவிடக் கூடாது. அதனால் யாரையும் யாரும் கூப்பிடக் கூடாது. பரிசோதகர் மட்டும் நிமிடத்துக்கு ஒரு வாக்கியம் சொல்லலாம், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

எழுதியவள் அவள்தான்.

ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை நடக்கலாம். இரண்டில் எது அதிகமோ அது கணக்கு.

அந்த ஒரு மணி நேரமும் ரெஜினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுங்க" என்றாள் அவள்.

அதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்தாள்.

ரெஜினா செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்முனைக்குப் போனாள்.

"மெர்சியப்பா."

மகள் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டதும் அவர் தலை நிமிர்ந்தது.

"வாங்க. என்ன இது, மாப்பிள்ளை ஊர்வலமா? வெரசா வாங்க."

வந்தார். திரும்பினார். முதுகுக்குப் பின்னாலிருந்தும் குரல் வந்தது.

"போயிட்டு வாங்க. நான் இங்கனதான் நிக்கேன்."

அவள் கோடுகளைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கோடுகளைப் பார்த்தாள்.

ஐந்து நிமிடத்தில் ஆறு முறை முடிந்தது.

"நல்லா நடக்கிறீங்க. இன்னும் ஒரு நிமிஷம்."

அவள் குரலில் ஏற்ற இறக்கம் இருந்தது.

ஏழாவது முறை. இருபது கோடு போதும்.

பத்து.

பதின்மூன்று.

பதினாறு.

"போதும்."

யார் சொன்னது என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை.

"போதும் மெர்சியப்பா. நின்னுருங்க."

அவர் நின்றார். மனைவி சொன்ன உடனே, அடுத்த அடி வைக்காமல்.

இன்னும் அரை நிமிடம் இருந்தது. நான்கு கோடு.

அப்போதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. கருவியில் எழுபத்திரண்டு. எண்பதுக்குக் கீழே எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது.

ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்து வந்து முகமூடியைப் பொருத்தினாள். ரெஜினா அவரைச் சுவரோடு சாய்த்துப் பிடித்திருந்தாள். மூச்சுக்கு நடுவே அவர் முன்னால் கை காட்டினார். பிறகு நான்கு விரல்களைக் காட்டினார்.

ரெஜினா அந்த விரல்களை மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது.

எண் ஏறியது. எழுபத்தொன்பது. எண்பத்தைந்து. தொண்ணூறு வந்த பிறகுதான் அவள் படிவத்தை எடுத்தாள். தூரம்: நூற்றுத் தொண்ணூற்றாறு.

ரெஜினா பக்கத்தில் வந்து நின்றாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"நாந்தான் நிப்பாட்டுனேன்னு எழுதணுமா மேடம்?"

அவள் பேனாவைத் திறந்தாள்.

நடையை நிறுத்தியவர் என்ற வரிக்கு எதிரே இரண்டு கட்டங்கள் இருந்தன. நோயாளி. பரிசோதகர்.

இரண்டாவது கட்டத்தில் குறியிட்டாள். பக்கத்தில் தன் பெயரை முழுதாக எழுதி, ரெஜினா படிக்கும்படி படிவத்தைத் திருப்பி வைத்தாள்.