காகிதத்தில் ஓரிடம்

மீன்பிடிச் சங்கத்தின் கணினித் திரையில் படகுகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கமாக நின்றன. அச்சிட்டால் மட்டும் நடுவில் ஒரு வரி வெறுமையாக வந்தது. மெல்ரோய் எழுத்தளவைக் குறைத்தான், ஓரங்களை மாற்றினான், தாளின் அளவையும் சரிபார்த்தான். ஒவ்வொரு முறையும் ‘புனித அந்தோனி’க்கும் ‘கடலரசி’க்கும் இடையில் அதே வெற்றிடம்.

இறங்குதுறையில் கட்டியிருக்கும் ஒழுங்கில்தான் பெயர்களும் இருந்தன. யன்னலால் பார்த்தாலும் அந்த இரண்டு படகுகளுக்கும் நடுவே ஓரிடம் காலியாகக் கிடந்தது. அது அப்பாவின் இடம். கடலுக்குப் போய்த் திரும்பாத படகின் தூணில் வேறு யாரும் கயிறு கட்டுவதில்லை. சின்ன வயதில் மெல்ரோய் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தத் தூணடியில் குந்தியிருந்து, அப்பா எறியும் கயிற்றை எட்டிப் பிடிப்பான். “இறுக்கிப் பிடியடா மகன்!” என்று சிரிப்பார்.

“பிரிண்டர்ட டிரைவரை மாத்திப் பாருங்கோ, மெல்ரோய்,” என்றாள் பக்கத்து மேசை றிஷானா.

அச்சுப்பொறியை இயக்கும் அந்த மென்பொருளை மாற்றினான். தாள், திரையில் உள்ளபடியே வெற்று வரி இல்லாமல் வந்தது.

“அல்ஹம்துலில்லாஹ், சரிவந்திட்டுது!”

“ஓம்,” என்று நிமிர்ந்தவன் யன்னலைப் பார்த்தான். காற்று இல்லை. துறையில் ஆளும் இல்லை. படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நெருக்கமாக நின்றன. அப்பா வந்தால் கட்ட இடமில்லை.

பழைய டிரைவரையே திரும்பப் போட்டு இன்னொரு தாள் எடுத்தான்.

“ஏன் திரும்பவும் பழுதாக்குறீங்கள்?”

நடுவில் வெற்று வரியோடு வந்த தாளைப் பிடித்தபடி அவன் யன்னலைப் பார்த்தான். வெளியே கயிறுகள் முனக, படகுகள் மெல்ல விலகத் தொடங்கின.