கடைசிப் பதினைந்து நிமிடம்

"எதுக்கு என்னை வெளியே எடுத்தீங்க, கோச்? முதல்ல அதைச் சொல்லுங்க!"

கதவு சுவரில் மோதித் திரும்பி வந்தது. ப்ரோடி கெஸ்லர் அதை இன்னொரு முறை உதைத்தான். தோள் கவசத்தைக்கூட இன்னும் கழற்றவில்லை. மார்பு முதல் முழங்கால் வரை ஒரே சேறு.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கோச் ஹாஸ்கெட் நிமிர்ந்து பார்க்கவில்லை. அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. பத்து ஆட்டங்களை வரிசையாக ஜெயித்துவிட்டு, பதினொன்றாவதில், சொந்த மைதானத்தில், மூன்றே மூன்று பாயின்ட்டில் கோப்பை கைநழுவியிருந்தது. மேலே கேலரியில் இன்னும் கூட்டம் கலையவில்லை. "ஹாஸ்கெட்டைத் துரத்து!" என்ற கத்தல் கான்கிரீட் கூரையைத் தாண்டி அந்த அறைக்குள்ளேயே கேட்டது.

"ப்ரோடி, முதல்ல உட்காரு" என்றாள் நோரீன். ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிப்பது அவள் வேலை.

"நீங்க பேசாதீங்க! எல்லாம் உங்களால வந்த வினை. மூணாவது குவார்ட்டர்ல அந்தத் தடியன் என்னை இடிச்சுத் தள்ளினான். விழுந்தேன். எந்திரிச்சேன். யாரும் தூக்கி விடலை, நானாதான் எந்திரிச்சேன். நீங்க ஓடிப்போய் கோச் காதுல ஏதோ சொன்னீங்க. என்ன சொன்னீங்க?"

"உன்னை இனிமே ஆட விட வேணாம்னு சொன்னேன்."

"கேட்டீங்களா, கோச்? அவங்களே ஒத்துக்கறாங்க!" அவன் மேசையில் ஓங்கி அறைந்தான். காப்பிக் கோப்பை உருண்டு விழுந்தது. "இவங்க பயந்தா நீங்களும் பயப்படணுமா? இந்த சீசன் பூரா உங்களைத் தாங்கிப் பிடிச்சது யாரு? செப்டம்பர்ல இந்த ஊரே நம்மளைப் பார்த்துச் சிரிச்சுது. விலா எலும்புல அடியோட ரெண்டு மேட்ச் ஆடினேன். ஒரு தடவையாவது முனகினேனா?"

"இல்லை" என்றார் ஹாஸ்கெட் மெதுவாக.

"முப்பத்தொரு வருஷமா இந்தக் காலேஜ் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. எங்க அப்பா சாகற வரைக்கும் அதையே பேசிட்டிருந்தார். கடைசிக் குவார்ட்டர், கடைசிப் பதினஞ்சு நிமிஷம்! அதைக்கூட எனக்குக் கொடுக்க உங்களுக்கு மனசு வரலையா?"

"தப்பு என் மேலதான், ப்ரோடி."

"தப்புன்னு சொன்னா ஆச்சா? நீ ஒரு கோழை!"

அந்த 'நீ' அறையில் அப்படியே நின்றது. நான்கு வருடத்தில் அவன் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஹாஸ்கெட்டின் காது மடல்கள் சிவந்தன.

நோரீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் ப்ரோடியை விட அதிகக் கோபம் இருந்தது. "சொல்லுங்க, கோச். பதில் சொல்லுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் தலைகுனிந்துகொண்டார்.

அப்போது வாசலில் தயங்கி நின்றான் டக்கர். பந்தை எறியும் இடத்துக்கு ப்ரோடிக்கு அடுத்தபடியாக வைத்திருந்த மாற்று ஆட்டக்காரன். "நோரீன், ஆம்புலன்ஸ் வந்துடுச்சு" என்றான்.

அவனைக் கண்டதும் ப்ரோடி பாய்ந்துபோய்ச் சட்டையைப் பிடித்தான்.

"வாடா! உன்னைத்தான் தேடினேன். நாற்பது செகண்ட் இருக்கும்போது பந்தைக் கொண்டுபோய் எதிரி கையில கொடுத்தியாமே? உள்ள பசங்க எல்லாம் அதைச் சொல்லித்தான் அழறாங்க. கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? நம்ம ஆளுங்க மூணு பேர் சும்மா நின்னிருப்பாங்களே! கண்ணைக் கட்டிட்டு எறிஞ்சாக்கூட அதைவிட நல்லா எறிஞ்சிருப்பேன் நான்!"

டக்கர் என்னவோ சொல்ல வாயெடுத்தான். நோரீன் வேண்டாமென்று தலையசைத்தாள். டக்கரின் கண் நிறைந்துவிட்டது.

"அழறியா? அழு! ஆயுசு முழுக்க இந்த ஊர் உன்னைத் திட்டும்."

"போதும், ப்ரோடி. அவனை விடு. என்கூட வா."

"எனக்கு எதுக்கு ஆம்புலன்ஸ்? எனக்கு ஒண்ணுமில்லை!" என்று கத்தியவன் அடுத்த நொடி சுவரைப் பிடித்துக்கொண்டான். வெளிச்சம் கூசுவதுபோல் கண்ணை இடுக்கினான். ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் வந்து கைத்தாங்கலாகப் பிடித்தார்கள். நடைவழி முடியும்வரை அவன் திட்டிக்கொண்டே போனான். கோச்சை, நோரீனை, டக்கரை, ஒருவரையும் விடவில்லை.

நோரீன் வாசலில் ஒரு கணம் நின்றாள். "கேவலம்" என்று ஹாஸ்கெட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர்களுக்குப் பின்னால் ஓடினாள்.

டக்கர் மட்டும் அங்கேயே நின்றான். ப்ரோடி பிடித்துக் கசக்கிய சட்டையைச் சரிசெய்துகொண்டான். வெள்ளைச் சட்டை. அதில் ப்ரோடியின் விரல்பட்ட இடம் மட்டும்தான் சேறு.

"அவன்கிட்ட ஏன் சொல்லலை, கோச்?" என்று கேட்டான். "நான் இன்னிக்கு மைதானத்துல காலே வைக்கலை. தலையில அடிபட்டதுக்கு அப்புறம் நடந்தது எதுவுமே அவனுக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கடைசிப் பந்தை எறிஞ்சதும் அவன்தான்... நோரீன் அவ்வளவு கெஞ்சியும் நீங்க அவனை வெளியே எடுக்கவே இல்லையே!"