பூவாடைக்காரி கல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் குழாய் வழியாகப் பார்த்தால்தான் நம்பிக்கை. முக்காலிமேல் ஒரு குழாயை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, ஏரி உடைந்தால் தண்ணீர் எதுவரைக்கும் வரும் என்று சொல்லிவிடுவார்களாம்.

சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஓவர்சியர் ஆராவமுதன் குழாயை விட்டு நிமிர்ந்து ஊராரைக் கேட்டார். போன தடவை ஏரி உடைந்தபோது தண்ணீர் எங்கே நின்றது?

எல்லாக் கையும் ஒரே பக்கம் நீண்டது. பூவாடைக்காரி கல்.

வெள்ளத்தில் போன சடையப்பன் மகள் சிட்டம்மாளைத்தான் அந்தக் கல்லில் சாமியாக வைத்துக் கும்பிட்டார்கள். வெள்ளம் பார்க்க ஓடிய பெண்ணை வாங்கிக்கொண்டு, தண்ணீர் அவள் காலடியிலேயே நின்றுவிட்டது என்று ஊரில் பேச்சு.

ஆட்கள் கல்லை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு இழுத்தார்கள். கோட்டுக்குக் கீழே இருக்கிற வீடுகளுக்கு, ஐப்பசி மழைக்கு முன்னால் கோயில் மேட்டில் மனை. மேலே இருப்பவர்களுக்குப் பயமில்லை. மனையும் இல்லை.

சடையப்பன் வீடு கோட்டுக்கு மேலே இருந்தது. உள்ளே தூளியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கோட்ட இன்னும் மேல போடு சாமி. என் வூட்டையும் சேத்து."

"மாமாவுக்குக் கோயில் மேட்டுல ஓசி மனை வோணுமாம்" என்றான் வேதகிரி. கூட்டம் சிரித்தது.

ஓவர்சியர் சிரிக்கவில்லை. "பெரியவரே, கல்லைத் தாண்டித் தண்ணி வந்ததை நீங்க பார்த்தீங்களா?"

சடையப்பன் வாயைத் திறந்தார். கல்லுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த அவர் மனைவி தாயாரம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாய்யா பேசிக்கினு கீற? எம்பொண்ணு உசுரக் குடுத்து நிறுத்தின தண்ணி. அத்தத் தாண்டி வந்துடுமா?"

அந்த வெள்ளத்தின்போது அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். கல்லுக்கு மேலே அப்போது இருந்தது அவர்கள் வீடு ஒன்றுதான். ஆண்கள் எல்லாம் ஏரிக்கரையில். விடிவதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. அவள் கைக்குழந்தையோடு வருவதற்குள், சுவரில் மார்பளவுக்கு இருந்த சேற்றுக் கறையைச் சடையப்பன் வெள்ளையடித்து மறைத்திருந்தார். மகள் ஊரைக் காப்பாற்றினாள் என்கிற ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஓவர்சியர் அவர் தோளைத் தொட்டார். "உங்க வீடு உசரத்துல இருக்கு. அங்கெல்லாம் தண்ணி வராது. உள்ளயே நிம்மதியா இருங்க."

இதே வார்த்தைகள். அன்றைக்குச் சொன்னது சடையப்பன்தான். கரையை அடைக்க மண்வெட்டியோடு ஓடும்போது, வாசலில் நின்ற சிட்டம்மாளிடம். வூடு உசரத்துல கீது, இங்கல்லாம் தண்ணி வராது, உள்ளயே இரு.

அவள் உள்ளேயேதான் இருந்தாள்.

கல்லை நட்டதும் அவர்தான். தண்ணீர் நின்ற இடத்தில் அல்ல. வடிந்த தண்ணீர் அவளை விட்டுவிட்டுப் போன இடத்தில்.

"கொயாயில பாத்தானாம், கோடு போட்டானாம்" என்று முனகிக்கொண்டே சடையப்பன் கோட்டை மிதித்து நடந்தார். காலில் ஒட்டிய சுண்ணாம்பு அவர் வீட்டு வாசற்படி வரைக்கும் போயிற்று.